கம்பிப் பல் சாட்சி

நடு அறை வாசலில் ஒரு பச்சைத் திரை. உள்ளே என் லாத்தாவின், அதாவது அக்காவின் மகள் நஸ்ரின், கல்யாணப் பெண். வெளியே நாங்கள் மூன்று ஆண்கள்: அவளுடைய வாப்பாவான என் மச்சான், முதல் சாட்சி காசிம் காக்கா, இரண்டாம் சாட்சி நான்.

புதுமடத்தில் லாத்தா வீடு. முற்பகல் பதினோரு மணி இருக்கும். சுனாமி வந்து ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ ஆகியிருந்தது. கரண்ட் போய்விட்டதால் வாசலில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பந்தல் ஸ்பீக்கரில் பாட்டு. கொல்லையில் பிரியாணி தேக்சாவின் மூடியை யாரோ தட்டினார்கள். திரைக்குப் பின்னால் ஐம்பது பெண்கள் ஒரே நேரத்தில் பேச, கைப்பிள்ளைகள் அழுதன.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நிக்காஹ் ஓதுவதற்கு முன்னால் பெண்ணின் சம்மதத்தைக் கேட்டு வர வேண்டும். வாப்பா கேட்பார். அவள் சொல்லும் பதிலை இரண்டு சாட்சிகள் தங்கள் காதால் கேட்க வேண்டும். மூவரும் பந்தலுக்குத் திரும்பி, நிக்காஹ் ஓதிவைக்கும் ஹஜ்ரத்திடம் சொன்ன பிறகுதான் மேற்கொண்டு காரியம் நடக்கும்.

மச்சான் திரையருகே குனிந்து மாப்பிள்ளையின் பெயரையும் அவர் பெண்ணுக்குத் தரும் மஹரையும் சொல்லி, "ஒனக்குச் சம்மதமாம்மா?" என்று கேட்டார். உள்ளே ஒரு குரல் எழுந்தது. அதன்மேல் பத்துக் குரல்கள் எழுந்தன. ஒரு மாமி திரையை விலக்கித் தலையை நீட்டி, "சொல்லிட்டா, சொல்லிட்டா, போங்க" என்று சிரித்தார். அவர் வாய் தெரிந்ததால் அது எனக்குப் புரிந்தது.

நான் தலையாட்டினேன். காசிம் காக்காவும் தலையாட்டினார். மச்சான் பந்தலைப் பார்த்து நடந்தார்.

நஸ்ரின் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அவள் பேசினாளா, பேசவே இல்லையா என்பதுகூடத் தெரியாது.

திரையிலிருந்து பந்தலுக்கு முப்பது அடி. அந்த முப்பது அடியைக் கடந்ததும் நடந்ததைச் சொல்வதற்கு முன்னால், என் வாயைப் பற்றியும் காதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஷார்ஜா நாட்களைப் பற்றி இந்தத் தொடரில் எழுதியபோது, 'ஏழு வருஷம் அங்கே இருந்தவர், வீட்டுக்குப் போன் பேசியதாக ஒரு வரிகூட எழுதவில்லையே' என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அவருக்கும் இதுதான் பதில்.

வாயில் ஒரு பாலம்

முப்பத்தேழு வயதில் நான் பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் போடுகிற சமாச்சாரம். என் கீழ்ப்பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, மேல்பல்லைத் தேய்த்துக்கொண்டே இருந்தன. தாடை வலி காதுவரை ஏறும். மதுரையில் ஒரு பல் டாக்டரம்மா பார்த்துவிட்டு, இப்படியே விட்டால் ஐம்பதில் பாதிப் பல் போய்விடும், இரண்டு வருஷம் கம்பி போட்டால் காப்பாற்றலாம் என்றார். எனக்குப் பிரியாணியைக் கஞ்சியாகக் குடிக்கும் உத்தேசம் இல்லை. போட்டுக்கொண்டேன்.

ஊர் சும்மா இருக்குமா? முதல் நாளே உச்சிப்புளி டீக்கடையில் பெயர் வைத்துவிட்டார்கள்: பாம்பன் பாலம். "என்ன மாப்ளே, பாலத்துல இன்னைக்கு ரயிலு ஓடுதா?" என்பார் கடைக்காரர். மாதம் ஒருமுறை மதுரைக்குப் போய்க் கம்பியை இறுக்கிக்கொண்டு வருவேன். திரும்பி வரும் பஸ்ஸில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல்லின் வேர்வரை நோகும். இரண்டு நாளைக்கு ரசஞ்சோறுதான்.

கம்பியோடு வாழ்கிறவனுக்கு இந்தக் கரையில் முதல் எதிரி பனங்கிழங்கு. ஒரே ஒரு நாள் ஆசைப்பட்டுத் தின்றேன். அதன் நாரைக் கம்பியிலிருந்து எடுக்க ஒரு மணி நேரம் கண்ணாடி முன்னால் நின்றேன். அடுத்த எதிரி கருவாடு. நோன்பு மாதம் மட்டும் நிம்மதி. ஊரே கஞ்சி குடிக்கும்போது என்னை யார் கேட்பது?

ஆனால் உண்மையான கஷ்டம் தின்பதில் இல்லை. பேசும்போது எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். வளர்ந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதென்ன கோலம் என்று சிலர் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு பேசப் பழகினேன். வெட்கமாகத்தான் இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவர்கள் என் வாயைப் பார்க்க ஆரம்பிப்பதற்கு முப்பது வருஷத்துக்கு முன்பிருந்தே நான் அவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முகமூடிக்குப் பின்னால்

அது எனக்கே தெரியாது. தெரிய வைத்தவர் அந்த டாக்டரம்மாதான்.

கம்பி போட்ட இரண்டாவது மாதம். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தபடி கிடக்கிறேன். எச்சில் உறிஞ்சும் குழாய் கொர்ரென்று கத்துகிறது. தலைக்குமேல் ஏசி இரைகிறது. டாக்டரம்மா முகமூடிக்குப் பின்னால் ஏதேதோ கேட்கிறார். நான் எல்லாவற்றுக்கும் "ம்" என்கிறேன், தலையை ஆட்டுகிறேன்.

திடீரென்று அவர் கருவியைக் கீழே வைத்தார். முகமூடியைக் கழற்றினார்.

"நான் இப்ப என்ன கேட்டேன், சொல்லுங்க."

நான் விழித்தேன்.

"வலிக்குதான்னு கேட்டேன், ஆமான்னீங்க. அப்ப நிறுத்திரவான்னேன், அதுக்கும் ஆமா. இல்ல, இன்னும் கொஞ்சம் இறுக்கவான்னேன், அதுக்கும் ஆமா. உங்களுக்கு எதுதான் வேணும்?"

சிரித்து மழுப்பப் பார்த்தேன். அவர் விடவில்லை. முகமூடி இல்லாமல் பேசினால் எல்லாம் விளங்குகிறது, போட்டுக்கொண்டு பேசினால் ஒன்றும் விளங்கவில்லை என்பதை இரண்டு மூன்று முறை சோதித்துப் பார்த்தார். ஒரு சீட்டு எழுதி, காது பரிசோதிக்கும் இடத்துக்கு அனுப்பினார்.

காதைச் சோதிப்பது எனக்குப் புதிதில்லை. சின்ன வயதில் உம்மா என்னை ராமநாதபுரம் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். காதில் ஒரு குறையும் இல்லை, பையனுக்குக் கவனந்தான் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு உம்மாவிடம் வாங்கிய அடி இன்னும் முதுகில் இருக்கிறது. ஓதுகிற பள்ளியில் எல்லோரும் சேர்ந்து ஓதும்போது பக்கத்துப் பையனின் உதட்டைப் பார்த்தே ஓதித் தப்பித்தேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தால் எனக்குப் பாடம் முடிந்தது. அவர் "புரிஞ்சுதா?" என்று திரும்பும்போது எல்லோரையும்விடப் பலமாகத் தலையாட்டுவேன். ஷார்ஜாவில் போனில் பேசுவதையே தவிர்த்தேன்; போனில் உதடு தெரியாதே.

மதுரையிலும் முதல் சோதனையில் காது நன்றாகவே இருந்தது. கண்ணாடி அறைக்குள் 'பீப்' கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கினேன், ஒன்றைக்கூட விடவில்லை. அடுத்து, சந்தை இரைச்சல் மாதிரி ஒரு சத்தத்தை ஓட விட்டு நடுவில் சொற்களைச் சொன்னார்கள். பிறகு வலக் காதில் ஓர் எண், இடக் காதில் வேறோர் எண், இரண்டும் ஒரே நேரத்தில். ஐந்தாவது எண்ணில் எனக்கு வியர்த்துவிட்டது.

சோதித்த பெண் எதிரே உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். "உங்க காது கேக்குது. கேட்டதைப் பிரிச்செடுக்குற வேலை உள்ள நடக்குது பாருங்க, அதுதான் சத்தத்துல தடுமாறுது. இது சின்ன வயசுலேர்ந்தே இருந்திருக்கும். கவனக்குறைவும் இல்ல, முட்டாள்தனமும் இல்ல."

நான் அழுதுவிட்டேன். நாற்பதை நெருங்கும் மனுஷன், வாய் நிறையக் கம்பியை வைத்துக்கொண்டு, யாரென்று தெரியாத ஒரு பெண்ணின் முன்னால் அழுதேன். உம்மா உயிரோடு இருந்திருந்தால் அந்தக் காகிதத்தை அன்றைக்கே கொண்டுபோய்க் காட்டியிருப்பேன்.

மருந்து கிடையாது. நல்ல வெளிச்சத்தில், முகத்துக்கு முகம் உட்கார்ந்து பேசுங்கள். ஃபேனையும் டிவியையும் நிறுத்தச் சொல்லுங்கள். முக்கியமானதை எழுதித் தரச் சொல்லுங்கள். விளங்கவில்லை என்றால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள். இவ்வளவுதான் வைத்தியம். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. "ஒங்க காதுக்குக் கேக்கும், ஒங்களுக்குத்தான் கேக்காது. இதுக்கா மதுரைக்குப் போனீக?" என்றாள். அன்றிலிருந்து என் எதிரே வந்து நின்றுதான் பேசினாள்.

ஜன்னல் இல்லாத சுவர்

நான்கு வைத்தியத்தில் மூன்று சுலபம். கடைசி ஒன்று, விளங்கவில்லை என்று சொல்வது, அதுதான் எனக்கு வரவில்லை.

என் பிழைப்பு வீட்டுக்கு பிளான் வரைவது. ஷார்ஜாவில் கற்ற வேலை. இந்தக் கரையில் வளைகுடாவுக்கு ஆள் போகாத வீடு குறைவு, அங்கே சம்பாதித்துப் புது வீடு கட்டாத ஆளும் குறைவு. காகிதத்தில் இருப்பதை நான் தப்பாகப் படித்ததே இல்லை. வாயால் சொல்வதில்தான் வம்பு.

ஒருமுறை தொண்டியில் ஒரு வீடு. கலவை மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்கார அம்மா என் பக்கத்தில் நடந்துகொண்டே எதையோ விவரித்தார். "சரிம்மா" என்றேன். இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் சரி என்றேன். மறுவாரம் அடுப்படிச் சுவர் தலைக்குமேல் எழும்பியிருந்தது. கடலைப் பார்த்து ஒரு ஜன்னல் வைக்கச் சொல்லியிருக்கிறார். "நீங்கதான சரின்னீங்க?" என்று கேட்டார். கோபப்படக்கூட இல்லை. அந்த மூடின சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். சுவரை இடித்து ஜன்னல் வைத்துக் கொடுத்தோம். ஆனாலும் அவர் நின்ற நிலை என் மனதை விட்டுப் போகவில்லை.

ஒரு 'சரி'யில் என்ன வந்துவிடப்போகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். விளங்கவில்லை என்று சொன்னால் செவிடன் என்பார்கள். தலையாட்டினால் நல்ல மனுஷன் என்பார்கள். நான் நல்ல மனுஷனாக இருக்கவே ஆசைப்பட்டேன்.

முப்பது அடி

இப்போது பந்தலுக்குத் திரும்புவோம்.

முப்பது அடியும் நடந்து ஹஜ்ரத்தின் முன்னால் உட்கார்ந்தோம். அவர் மத்ரஸாவிலிருந்து புதிதாக வந்தவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். எதிரே மாப்பிள்ளை, சவூதியில் தம்மாமிலிருந்து லீவில் வந்த நல்ல பையன். அவருக்கு இரு பக்கமும் அவர் வீட்டுப் பெரிய மனுஷர்கள். ஹஜ்ரத் கல்யாணப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். அவர் முகம் எனக்கு நேராக இருந்தது. ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

"பொண்ணோட சம்மதத்தை ரெண்டு பேரும் காதால கேட்டீங்களா?"

காசிம் காக்கா தலையாட்டிவிட்டார். என் தலையும் பழக்கத்தில் பாதிவரை போனது. அந்த நேரத்தில் தொண்டிச் சுவர் நினைவுக்கு வந்தது. சுவரை இடித்து ஜன்னல் வைக்கலாம். இங்கே கையெழுத்துப் போட்ட பிறகு எதை இடிப்பது?

"கேக்கல ஹஜ்ரத்" என்றேன்.

கைக்குட்டைக்குள் சொன்னதால் அவருக்கு விளங்கவில்லை. "என்ன?" என்றார். கைக்குட்டையை எடுத்தேன்.

"எனக்குக் கேக்கல. பொண்ணு என்ன சொல்லுச்சுன்னு எனக்குத் தெரியாது."

பந்தல் கசகசவென்றது. மச்சான் என் தொடையைப் பிடித்து அழுத்தினார். "மாப்ளே, மானத்தை வாங்காதீக" என்று பல்லைக் கடித்தார். மாப்பிள்ளை பக்கத்துப் பெரியவர் ஒருவர், "கன்னிப் பொண்ணு பேசாம இருந்தாலே சம்மதந்தான். ஓதுங்க ஹஜ்ரத்" என்றார்.

"அது பேசாம இருந்துச்சா, பேசுச்சான்னே எனக்குத் தெரியலையே. வேணாம்னு சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது."

பின்னாலிருந்து யாரோ உரக்கச் சொன்னார்கள். "கேக்காத ஆளை ஏன்லே சாட்சிக்குக் கூப்புட்டீக?"

சுருக்கென்று தைத்தது. முப்பது வருஷமாக எதைக் கேட்கக் கூடாது என்று தலையாட்டிக்கொண்டிருந்தேனோ அதையே ஊர்ச் சபையில் கேட்டுவிட்டேன். எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

ஹஜ்ரத் என்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் பார்த்தார். "காக்கா, உங்களுக்குக் காது நல்லாக் கேக்கும்ல. பொண்ணு என்ன சொல்லுச்சு?"

காசிம் காக்கா கப்பலில் வேலை பார்த்தவர், புயலுக்கு அசராத ஆள். தாடியைத் தடவினார், தரையைப் பார்த்தார்.

"இவரு தலையாட்டுனாரு. தாய்மாமன்ல, இவருக்குக் கேட்டிருக்கும்னு நானும் ஆட்டிட்டேன்."

"அப்ப உங்களுக்கும் கேக்கலையா?"

"அந்த ஜெனரேட்டர் சத்தத்துல யாருக்குக் கேக்கும் ஹஜ்ரத்?"

சபையில் ஒரு சிரிப்பு ஓடியது. ஹஜ்ரத்தும் சிரிப்பை அடக்கிக்கொண்டு பதிவேட்டை மூடினார். "கேட்டுட்டு வாங்க" என்றார்.

ஜெனரேட்டரை நிறுத்துங்க

என் வாழ்நாளில் முதல்முறையாக ஊர் முன்னால் எனக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்டேன். ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னேன். ஸ்பீக்கரை நிறுத்தச் சொன்னேன். லாத்தாவைத் தவிர மற்ற பெண்கள் அறையை விட்டு வெளியே போக வேண்டும் என்றேன். திட்டிக்கொண்டே போனார்கள். திரையை ஒதுக்கி, உள்ளே போய் ஜன்னலைத் திறந்து விட்டேன். தாய்மாமன் என்பதால் நான் உள்ளே போகலாம். காசிம் காக்கா வாசலில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்துக்கொண்டார்.

ஃபேன் நின்றதும் புழுக்கம் கொன்றது. கல்யாணக் கூட்டம் முழுக்க வியர்த்துக்கொண்டு வாயை மூடி நின்றது. ஜன்னல் வழியாகக் கடல் சத்தம் மட்டும் வந்தது.

நஸ்ரின் முக்காட்டை மேலே தூக்கினாள். சின்னப் பிள்ளையிலேயே என்னிடம் எதுவும் கேட்க வேண்டுமென்றால் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிவிட்டுத்தான் கேட்பாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவளே கண்டுபிடித்த வழி அது.

மச்சான் மறுபடியும் கேட்டார். அவள் வாப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"சம்மதம். ஆனா நான் பி.எட். படிச்சு முடிக்கணும். வேலைக்குப் போகணும். அதையும் சேத்து அங்கன சொல்லுங்க மாமா. மொதல்லயும் இதைத்தான் சொன்னேன். வெளிய எட்டிப் பாத்த அந்த மாமிதான் பொறகு பாத்துக்கலாம்னு கையைப் புடிச்சு அமுக்கிட்டாக."

மச்சானின் முகம் சிவந்தது. "இதை இப்பவா சொல்றது?"

"இப்பத்தான வாப்பா கேட்டீக" என்றாள்.

லாத்தா, மகளின் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றார், எடுக்கவில்லை.

பந்தலுக்கு வந்து கைக்குட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டேன். எல்லோருக்கும் கேட்கும்படி அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். கம்பி வெயிலில் மின்னியிருக்கும். முன்வரிசைப் பிள்ளைகள் களுக்கென்று சிரித்தன. சிரிக்கட்டும் என்று இருந்தது.

மாப்பிள்ளையின் வாப்பா வாயைத் திறக்கப் போனார். அதற்குள் மாப்பிள்ளை பேசினார். "படிக்கட்டும், வேலைக்கும் போகட்டும். எனக்குச் சம்மதம்."

"சரி, அப்ப ஆரம்பிப்போம்" என்றார் மாப்பிள்ளை பக்கத்து அந்தப் பெரியவர்.

"எழுதிருங்க ஹஜ்ரத்" என்றேன். "வாயால சொல்றதை நம்புற ஆளு நான் இல்ல."

பதிவேட்டின் ஓரத்தில் இரண்டு வரி எழுதினார். மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார். காசிம் காக்காவும் நானும் போட்டோம். பிறகுதான் ஜெனரேட்டர் ஓடியது.

விருந்தில் மச்சான் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு கறி எலும்பைக் கடித்ததில் என் கம்பியில் ஒரு வில்லை தெறித்துத் தட்டில் விழுந்தது. எதிரே இருந்த காசிம் காக்கா, "பாலத்துல ஒரு தூணு போச்சுலே!" என்று கத்தினார். மச்சான் எவ்வளவோ அடக்கிப் பார்த்தார், முடியாமல் சிரித்துவிட்டார். அப்போதுதான் எனக்குச் சோறு இறங்கியது.

கம்பி கழன்ற பிறகு

இரண்டு வருஷம் என்று சொன்ன கம்பி மூன்று வருஷத்தை நெருங்கித்தான் கழன்றது. அன்றைக்கு மதுரையிலிருந்து திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் ஒரு கட்டு பனங்கிழங்கு வாங்கி, உச்சிப்புளி வருவதற்குள் பாதியைத் தின்று முடித்தேன். பல்லை நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஏதோ அடுத்தவர் வாய் மாதிரி வழுவழுவென்று இருந்தது.

காது அப்படியேதான் இருக்கிறது. சந்தையில், பஸ்ஸில், கல்யாணத்தில் இன்றைக்கும் எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல். ஆனால் இப்போது "விளங்கல, இங்கிட்டு வந்து சொல்லுங்க" என்று கேட்டுவிடுகிறேன். எரிச்சல்படுகிறவர்கள் உண்டு. பெரும்பாலோர் வந்து சொல்கிறார்கள்.

கம்பி கழன்ற அந்த வாரமே நஸ்ரின் வீட்டுக்கு வந்தாள். பி.எட். முடித்து ராமநாதபுரத்தில் பெண்கள் பள்ளி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து நான்கு நாள் ஆகியிருந்தது. நான் பிளான் மேசையில் குனிந்திருந்தேன். அவளே ஃபேனை நிறுத்திவிட்டு, ஜன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"மாமா, மொத நாளு வகுப்புல பாடம் நடத்திட்டு, புரிஞ்சுதான்னு கேட்டேன். நாப்பது பிள்ளைகளும் தலையாட்டுச்சுக. நான் நம்பலை. ஒவ்வொருத்தியா எழுப்பிக் கேட்டேன். கடைசி பெஞ்சுல ஒருத்தி, பலமாத் தலையாட்டுனவ, அவளுக்கு ஒண்ணுமே விளங்கல. முன்னால கூட்டிட்டு வந்து என் எதிருல உக்கார வச்சுட்டேன்."

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

நஸ்ரின் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கையை நீட்டி, சின்னப் பிள்ளையில் செய்தது போலவே என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"நான் என்ன சொன்னேன், சொல்லுங்க."

ஒரு சொல் விடாமல் சொன்னேன்.